கஞ்சி ஆறும் வரை

கஞ்சி ஆறுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பலருக்குத் தெரிவதில்லை. அகலமான பீங்கான் கிண்ணத்தில் ஊற்றினால் பதினொரு நிமிடம். குழியான கிண்ணம் என்றால் கால் மணி நேரம். பக்கவாதம் வந்தவருக்குக் கஞ்சி தண்ணீராகவும் இருக்கக்கூடாது, கட்டியாகவும் இருக்கக்கூடாது. கரண்டியைச் சாய்த்தால் மெல்ல வழிய வேண்டும். தண்ணீராக இருந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இரண்டு வருடம், நாளுக்கு மூன்று வேளை, என் அப்பாவுக்கு அப்படித்தான் காய்ச்சினேன். ஒரு தடவைகூட அவருக்குப் புரையேறியதில்லை. இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

நீங்கள் இரண்டு விரலால் தட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கிறது. செரம்பானில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருபது வருடம் தட்டச்சு செய்தவள் நான். என்னிடம் கொடுத்திருந்தால் இந்த வாக்குமூலத்தை ஒரு மணி நேரத்தில் பிழையில்லாமல் முடித்திருப்பேன். பரவாயில்லை, நான் மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் ரஜனி. வயது நாற்பத்தேழு. செரம்பான் பக்கம் ரந்தா ஊருக்கு வெளியே உள்ள எங்கள் வீட்டை இன்றைக்கும் எல்லாரும் கிராணி வீடு என்றுதான் சொல்கிறார்கள். என் அப்பா கனகசுந்தரம் அங்கிருந்த ரப்பர் தோட்டத்து அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தார். தோட்டம் துண்டு துண்டாகக் கைமாறியபோது குடியிருந்த வீட்டை அவரே வாங்கிக்கொண்டார். ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது. கூலியாட்களின் லயன் வீடுகள் போய் மலிவு விலை வீடுகள் வந்தன. ஆனால் அந்த வீடுகளில் இருப்பவர்கள் இன்றும் எங்கள் பின்வாசலில் நின்றுதான் கூப்பிடுவார்கள். அப்படி நிற்கச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. உள்ளே வாருங்கள் என்று நாங்களும் சொன்னதில்லை.

உங்கள் அம்மா எந்தத் தோட்டம் என்று சற்று முன்னால் கேட்டேன். பதில் சொல்ல வேண்டாம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதுவே போதும்.

எங்கள் வீட்டில் அப்பா சொன்னால் சொன்னதுதான். எனக்கு இருபத்தாறு வயதில் வசந்தன் என்று ஒருவர் பெண் கேட்டு வந்தார். தமிழ்ப்பள்ளி ஆசிரியர், நல்ல மனிதர். அவருடைய தாய் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டியவர். அப்பா அவருக்குத் தேநீர் கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார், கேட் வரைக்கும் போய் வழியனுப்பினார். திரும்பி வந்து, அது சரிவராது என்றார். நான் சரி என்றேன். அன்று சாயங்காலம் வழக்கம்போலச் சப்பாத்தி சுட்டேன். அம்மா அப்போது உயிரோடு இருந்தார். அவர்தான் அழுதார்.

என் தங்கை தர்மினி எனக்கு ஒன்பது வயது இளையவள். அவளும் அப்படிப்பட்ட ஒருவரைத்தான் கூட்டிக்கொண்டு வந்தாள். சத்தியசீலன். அவருடைய தகப்பன் இதே தோட்டத்தில் லோரி ஓட்டியவர். அப்பா அவளிடமும் அது சரிவராது என்றார். அவள் அடுத்த மாதமே கோலாலம்பூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். இனி இந்த வாசலை மிதிக்கக்கூடாது என்று அப்பா சொன்னார். ஏழு வருடம் அந்தச் சொல் நின்றது. அதற்குள் அம்மா போய்ச் சேர்ந்தார். அப்புறம் அப்பாவுக்கு வாதம் வந்து பேச்சுப் போனது.

பேச்சுப் போனதால் பேசிய சொல் இல்லாமல் போய்விடுமா? அவரே திரும்ப எடுத்துக்கொள்ளாத சொல்லை எடுக்க நான் யார்? தர்மினி இரண்டு தடவை கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். இரண்டு தடவையும் இதைத்தான் மரியாதையாகச் சொல்லி அனுப்பினேன்.

வாதம் அப்பாவின் வலது பக்கத்தைச் சாய்த்திருந்தது. பேச்சில்லை, ஆனால் ஆளைத் தெரியும், பசி தெரியும். கண்ணில் கோளாறு இல்லை. ஆனாலும் வலப்பக்கத்தில் இருப்பது எதுவும் அவருக்குத் தெரியாது என்று டாக்டர் விளக்கினார். தட்டை வலப்பக்கம் வைத்தால் தட்டே இல்லை, ஆள் வலப்பக்கம் நின்றால் ஆளே இல்லை. எதையும் இடப்பக்கமாக, பெரிதாக, தெளிவாகக் காட்டுங்கள் என்றார். அதை நான் நன்றாக மனதில் வாங்கிக்கொண்டேன்.

வேலையை விட்டுவிட்டு அவரோடு இருந்தேன். முதல் வருடம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. உதட்டை இறுக்கிக்கொள்வார். மூக்கில் குழாய் போடலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். நான் கையால் ஊட்டிக்கொள்கிறேன் என்றேன்.

பின்னால் மலிவு வீட்டில் மயிலம்மாள் இருக்கிறாள். அறுபது வயது, முன்னாளில் அப்பாவின் தோட்டத்தில் வேலை செய்தவள். அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்ட ஆள் வேண்டியிருந்ததால் அவளை மட்டும் வாரம் இரண்டு நாள் அறைவரை விட்டேன். ஒருநாள் நான் ரந்தாவில் மருந்து வாங்கிவிட்டு வந்தபோது அவள் காலிக் கிண்ணத்தோடு சமையற்கட்டில் நின்றாள்.

"ரஜனிம்மா, ஐயா ஒரு மங்கு கஞ்சியும் முடிச்சிட்டாரு. டிவியில நம்ம சின்னம்மா சமைக்கிதில்ல, அதப் போட்டு உட்டேன். அது குழம்ப ருசி பாக்க வாயத் தொறந்திச்சு, இவரும் ஆன்னு தொறந்திட்டாரு. நான் ஊட்டிட்டேன்லா."

சின்னம்மா என்று அவள் சொன்னது தர்மினியை. என் தங்கை மின்மினி என்ற இணையச் சேவையில் ஒரு சமையல் நிகழ்ச்சி நடத்துகிறாள். உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் கரண்டியைத் தூக்கி, கேமராவைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து ருசி பார்ப்பாள். சின்ன வயதில் அப்பா அவளுக்கு ஊட்டும்போது திறப்பாளே, அதே மாதிரி.

அந்த மத்தியானத்துக்குப் பிறகு பதினொரு மாதம், மூன்று வேளையும், நான் தொலைக்காட்சியில் அவளைப் போட்டுக்கொண்டு அப்பாவுக்கு ஊட்டினேன். பழைய நிகழ்ச்சிகளையும் போடலாம் என்பதால் குறையே இல்லை. அப்பாவின் கன்னம் உப்பியது. மாதம் ஒரு தடவை வரும் நர்ஸ் என்னைப் பாராட்டினார். கரண்டியைப் பிடித்தது நான். வாய் திறந்தது அவளுக்கு. நான் குனிந்தால் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார். ஒருநாள் நான் தெரியாமல் திரையை மறைத்துவிட்டேன். அவர் இடக்கையால் என் முகத்தைப் பிடித்து ஒதுக்கித் தள்ளினார். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

நான் கோபப்படவில்லை. நோயாளியிடம் கோபப்படுகிறவள் இல்லை நான்.

இப்போது பெட்டி விவகாரத்துக்கு வருகிறேன். இணையச் சேவைகளைத் தொலைக்காட்சியில் காட்ட எங்கள் வீட்டில் இருப்பது ஆந்தைப் பெட்டி. கறுப்பாக, கைப்பிடியளவு, மேலே ஓர் ஆந்தை முத்திரை. இந்த வட்டாரத்தில் பாதி வீட்டில் அதுதான். மார்ச் மாதம் ஐந்தாம் தேதி காலை, கஞ்சியை ஆறவைத்துவிட்டு மின்மினியைத் தேடினேன். திரையில் அதன் படமே இல்லை. இந்தச் சேவை இனி இந்தச் சாதனத்தில் கிடைக்காது என்று ஒரு வரி மட்டும் வந்தது.

ரந்தாவில் பெட்டி விற்கும் அர்ச்சுனன் கடையில் அன்றைக்கு ஒரே கூட்டம். பெரிய மனிதர்களெல்லாம் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். அர்ச்சுனன் கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆந்தைக்காரன் சொந்தமா நாடகம் காட்ட ஆரம்பிச்சிட்டான். அதுக்கப்புறம் மின்மினிக்காரன எதுக்கு உள்ள உடுவான்? ரெண்டு கம்பெனி தவுக்கேயும் அடிச்சிக்கிறானுங்க, நம்ம வீட்டு டிவி கறுத்துப் போச்சு. வேற பெட்டி வாங்குங்க, இல்லாட்டி சண்ட முடியிற வரைக்கும் பொறுத்துக்குங்கலா."

என் பின்னால் நின்ற ஒருவர் இரண்டு கம்பெனியும் நாசமாகப் போக வேண்டும் என்று சாபம் விட்டார். நான் வீட்டுக்கு வந்தேன். பொறுத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். அதில் எனக்கு நல்ல பழக்கம்.

உண்மையைச் சொல்லச் சொன்னீர்கள். அன்றைக்கு எனக்கு ஒரு நிம்மதி. தலையை வாரி, அம்மாவின் கல்வைத்த தோட்டைப் போட்டுக்கொண்டு, அப்பாவின் இடப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இனிமேல் என் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுவார் என்று நினைத்தேன். மூன்று கரண்டி வாங்கினார். அப்புறம் கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்துக்கொண்டு உதட்டை இறுக்கிக்கொண்டார். மறுநாளும் மூன்று கரண்டி. அதற்கடுத்த வாரம் இரண்டு.

மயிலம்மாள் தன் கைப்பேசியில் மின்மினி வருகிறது, கொண்டுவந்து காட்டட்டுமா என்று பின்வாசலில் நின்று கேட்டாள். என்னிடமே கைப்பேசி இருக்கிறது, நானே காட்டிக்கொள்கிறேன் என்றேன். குளிப்பாட்டவும் இனி வரவேண்டாம், ஊரில் காய்ச்சல் பரவுகிறது என்றேன். அவள் சரிங்கம்மா என்று போய்விட்டாள். கிராணி வீட்டில் கூப்பிடாமல் படியேறுகிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. அந்தப் பழக்கம் இல்லாதிருந்தால் அவள் உள்ளே வந்து பார்த்திருப்பாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

சொன்னபடி கைப்பேசியில் காட்டவும் செய்தேன். வலப்பக்கமாகப் பிடித்துக் காட்டினேன்.

தர்மினி வாராவாரம் தொலைபேசியில் அழைப்பாள். அதை நான் தடுத்ததில்லை. அப்பா எப்படிச் சாப்பிடுகிறார் என்பது அவளுக்கு மயிலம்மாள் வழியாக முன்பே தெரிந்திருந்தது. சண்டை வந்த இரண்டாவது வாரம் அவள் கோலாலம்பூரிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பினாள். தொலைக்காட்சியின் பின்னால் செருகினால் ஆந்தைப் பெட்டி இல்லாமலே மின்மினி வருமாம். சுட்டுவிரல் நீளத்தில் ஒரு குச்சி. அந்தச் சமயம் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அக்கா, நான் அனுப்பினது வந்ததோ?"

"வந்தது. இந்த டிவியில அதைச் செருகிறதுக்கு இடம் இல்லை."

"இருக்குமே அக்கா. சத்தியனை அனுப்பட்டோ? அவர் வந்து அஞ்சு நிமிசத்தில மாட்டித் தருவார்."

"அப்பா சொன்னது உனக்கு மறந்து போச்சோ?"

 "அப்பா சாப்பிடுறாரோ அக்கா?" என்றாள்.

"சாப்பிடுறார்," என்றேன்.

அந்தக் குச்சி என் அலமாரியில், அம்மாவின் கூறைச் சேலைக்கு அடியில் இருந்தது. உங்கள் ஆட்கள் எடுத்துவிட்டார்கள். சேலையை மடித்தபடியே திரும்ப வைக்கச் சொல்லுங்கள்.

இருபதாம் நாள் நர்ஸ் வந்தார். அப்பாவுக்கு நீளக்கைச் சட்டை போட்டு, கழுத்துவரை போர்த்தி வைத்திருந்தேன். காலையில் முழுக் கிண்ணம், மத்தியானம் முக்கால், இரவு முழுக் கிண்ணம் என்று குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு நாளும் எழுதியிருந்தேன். என் எழுத்து அழகாக இருக்கும், நர்ஸுக்கு அது பிடிக்கும். படுத்திருப்பவரைத் தராசில் நிறுத்த முடியாதல்லவா, கையின் சுற்றளவைத்தான் நாடாவால் அளப்பார்கள். வாதம் வந்த கை எப்போதும் நீர்கோத்து வீங்கியிருக்கும். நான் போர்வையை விலக்கி வலக்கையை நீட்டிக் கொடுத்தேன். நர்ஸுக்கு அன்று இன்னும் ஆறு வீடு போகவேண்டியிருந்தது. அவரைக் குறை சொல்லாதீர்கள்.

இருபத்துநான்காம் நாள் காலை சண்டை முடிந்துவிட்டது. இரண்டு முதலாளிகளும் கைகுலுக்கிக்கொண்ட படம் பத்திரிகையில் வந்ததாம், நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது எங்கள் தொலைக்காட்சியில் வந்ததைத்தான். போட்டவுடன் திரை முழுக்கத் தர்மினி. கையில் கரண்டி, வாய் திறந்திருக்கிறது. அசையாத படம். அதன் கீழே, மின்மினி மீண்டும் வந்துவிட்டது, இப்போது சேர்க்கவா என்று கேள்வி. பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் இப்போது என்றும் இன்னொன்றில் பிறகு என்றும் எழுதியிருந்தது.

அப்பா படத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூன்று வாரமாகச் சரியாகத் திறக்காத வாய், பறவைக் குஞ்சு மாதிரி, உள்நாக்குத் தெரியும்படி திறந்தது.

அந்த நேரத்திலாவது ஊட்டியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கஞ்சி இன்னும் ஆறவில்லை. கிண்ணத்தில் ஊற்றி நான்கு நிமிடம்தான் ஆகியிருந்தது. சுடுகஞ்சியை ஒரு நோயாளியின் வாயில் வைக்க முடியுமா? ஆறுகிற வரைக்கும் அவர் வாயைத் திறந்துகொண்டே இருந்தால் வாய் உலர்ந்துவிடும் என்று நினைத்தேன். ரிமோட்டில் பிறகு என்பதை அழுத்தினேன். தர்மினி போய்விட்டாள். வாய் மெதுவாக மூடிக்கொண்டது.

அன்று மத்தியானம் தொலைக்காட்சியைப் போட்டபோது மறுபடியும் அதே படம், அதே கேள்வி. இரவும் அப்படித்தான். சேர்க்கும்வரை அது ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டே இருக்கும் போலிருக்கிறது. மயிலம்மாள் அந்த வாரமே பின்வாசலில் வந்து நின்று, எங்க வீட்டுல மின்மினி வந்திருச்சும்மா, ஐயாவுக்கு வந்திருச்சா என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன். அது பொய்யில்லை.

ஏப்ரல் பதினான்காம் தேதி காலை அப்பா இறந்தார். அன்று புத்தாண்டு. கதவுக்கு மாவிலை கட்டியிருந்தேன்.

தர்மினிக்கு நான்தான் சொன்னேன். வாசலை மிதிக்கக்கூடாது என்றவர் இப்போது இல்லை என்பதால் அவளை உள்ளே விட்டேன். அவள் கணவன் மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றார். அப்பாவைக் குளிப்பாட்டுவதற்குத் தூக்கினோம். நான் தலைப்பக்கம், அவளும் மயிலம்மாளும் காலும் இடுப்பும். மூன்று பேர் தேவைப்படவில்லை. தர்மினி ஒருத்தியே ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு நின்றாள்.

"அக்கா," என்றாள். "அப்பா ஏன் இப்படிப் பாரமே இல்லாம இருக்கிறார்?"

நான் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். மயிலம்மாள் அப்பாவின் விலாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கிராணி வீட்டுக்குள் நின்றுகொண்டு ஒரு தோட்டத்துப் பெண் என்னை அப்படி நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "மின்மினி திரும்ப வந்து மூணு வாரமாகப் போவுதேம்மா," என்று மட்டும் சொன்னாள். தர்மினி அவள் முகத்தைப் பார்த்தாள், தொலைக்காட்சியைப் பார்த்தாள், ஈரக்கையோடு வெளியே போய்த் தன் கணவனிடம் போன் கேட்டாள். அதனால்தான் நாம் இருவரும் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

கம்பெனி அனுப்பிய தாளை நீங்கள் என் முன்னால் வைத்தீர்கள். பிறகு என்று நான் அழுத்திய ஒவ்வொரு தடவையும் தேதியோடு, மணியோடு அதில் இருக்கிறது. ஐம்பத்திரண்டு தடவை. கணக்குச் சரிதான். பதினேழு நாள் மூன்று வேளை, பதினெட்டாம் நாள் காலையில் ஒன்று. அந்தக் கடைசித் தடவை படம் வந்தபோது அவருக்கு வாயை முழுக்கத் திறக்க முடியவில்லை. உதடு மட்டும் கொஞ்சம் பிரிந்தது.

ஆமாம், அவர் பட்டினியால்தான் செத்தார். இரண்டு முதலாளிகளின் சண்டையால் முதல் இருபத்துமூன்று நாள், அதற்கப்புறம் என் கையால். முதல் பகுதியிலும் என் பங்கு உண்டு என்பீர்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் எதையும் மறைக்கவில்லை. ஆனால் ஒருநாளும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிறகு என்றுதான் சொன்னேன். வித்தியாசம் தெரியாதவர் இல்லை நீங்கள்.

காட்டப்போவதில்லை என்றால் எதற்காக மூன்று வேளையும் தொலைக்காட்சியைப் போட்டாய் என்று கேட்டீர்கள். இவ்வளவு நேரத்தில் நீங்கள் கேட்ட ஒரே நல்ல கேள்வி இதுதான்.

திரையில் அவள் மறைந்ததும், வாய் மூடுவதற்கு முன்னால், அப்பாவின் கண் அவளைத் தேடும். அங்கே இல்லை, இங்கே இல்லை என்று தேடிவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்து நிற்கும். என் கையில் இருக்கும் ரிமோட்டில் இல்லை, என் முகத்தில். இமைக்காமல் என்னையே பார்ப்பார். இரண்டு வருடத்தில், இல்லை, வசந்தனை வழியனுப்பிவிட்டு வந்த அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு, அப்பா என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. ஐம்பத்திரண்டு தடவையும் பார்த்தார். கடைசித் தடவை பார்த்த கண்ணை நான்தான் மூடினேன்.

அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று நீங்கள் அந்த வாக்குமூலத் தாளில் ஏதோ தட்டியிருக்கிறீர்கள். எனக்குத் தலைகீழாகவே படிக்கத் தெரியும். அதை அடித்துவிடுங்கள். அப்பா சொன்ன சொல்லை மீறாத மகளைப் பார்க்கிற பார்வை அது. நன்றி என்று எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.